டன்பிளேன் துப்பாக்கிச் சூடும் பிரிட்டனின் கைத்துப்பாக்கித் தடையும்

ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்த் தொடக்கப்பள்ளியில் 1996 மார்ச் 13 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் இறந்தனர். கொலையாளி தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டான். அவன் கொண்டுவந்த நான்கு கைத்துப்பாக்கிகளும் உரிமம் பெற்றவை. பின்னர் எழுந்த விவாதம் முழுவதும் இதைச் சுற்றியே நடந்தது.

முதல் நாட்களில் கட்சிச் சண்டை எழவில்லை. ஆளும் கன்சர்வேடிவ் அரசின் ஸ்காட்லாந்து அமைச்சர் மைக்கேல் ஃபோர்சைத்தின் தொகுதியில் அந்த ஊர் இருந்தது. எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் ஜார்ஜ் ராபர்ட்சனோ அந்த ஊர்க்காரர், தம் பிள்ளைகளை அதே பள்ளியில் படிக்க வைத்தவர். இருவரும் சேர்ந்தே அங்கு சென்றனர். குவிந்திருந்த செய்தியாளர்களும் இறுதிச் சடங்குகளுக்கு முன் ஊரைவிட்டு விலகிக்கொண்டனர். பரபரப்புக்குப் பேர்போன பிரிட்டிஷ் பத்திரிகை உலகில் இது அபூர்வம்.

இணக்கம் நீடிக்கவில்லை. ஸ்னோடிராப் மலரின் பெயரில் தொடங்கிய மனுவில் 7 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டுத் தடை கேட்டனர். நாடாளுமன்ற உள்துறைக் குழுவின் கன்சர்வேடிவ் பெரும்பான்மை, தடை வேண்டாம் என்றது. சட்டத்தைவிடக் காவல்துறையே தவறியது என்பது துப்பாக்கிக் கழகத்தாரின் வாதம். அதை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது: கொலையாளியின் உரிமத்தைப் பறிக்கப் பரிசீலிக்குமாறு 1991-இலேயே ஓர் அதிகாரி எழுதியிருந்தும் அது புதுப்பிக்கப்பட்டது. ஆனால் 1996 டிசம்பரில், கிரிக்கெட் மட்டையாலும் ஒருவன் கொல்லலாமே, அதையும் தடை செய்வீர்களா என்ற பொருளில் இளவரசர் ஃபிலிப் வானொலியில் பேசியது, அந்தத் தரப்பைக் கேலிக்கும் கண்டனத்துக்கும் ஆளாக்கியது.

இச்சம்பவம் குறித்து விசாரணை நடத்திய கல்லன் பிரபுவின் அறிக்கை 1996 அக்டோபரில் வெளியானது; அது முழுத் தடையைக் கோரவில்லை. கன்சர்வேடிவ் பிரதமர் ஜான் மேஜரின் அரசு அதையும் தாண்டிச் சென்று, .22 காலிபருக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருக்கத் தடை விதித்தது. தேர்தல் நெருங்கிய வேளை என்பதை இங்கே மறக்கக் கூடாது. 1997 மே மாதம் வென்ற தொழிற்கட்சியின் டோனி பிளேர் அரசு, அவ்வாண்டே .22 வகையையும் தடைக்குள் கொண்டுவந்தது. உரிமையாளர்களுக்கு இழப்பீடு தரப்பட்டது. வட அயர்லாந்துக்கு இத்தடை பொருந்தாது.

பத்திரிகைகளின் அடக்கம் காலத்தோடு கரைந்தது. 2009-இல், உயிர் பிழைத்த குழந்தைகள் 18 வயதை எட்டியபோது, ஸ்காட்டிஷ் சண்டே எக்ஸ்பிரஸ் அவர்களுடைய சமூக வலைப்பக்கங்களைத் துருவி, குடித்துக் கூத்தடிக்கிறார்கள் என்ற தொனியில் செய்தி வெளியிட்டது. கண்டனம் வலுத்ததும் மன்னிப்புக் கேட்டது. அது நெறிமீறல் என்று பத்திரிகைப் புகார் ஆணையமும் தீர்ப்பளித்தது.