பண்டத்தரிப்புப் பள்ளியும் ஒரே பந்தியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, மாதகற் கரைக்குத் தொலைவில்லாத ஊர் பண்டத்தரிப்பு. பறங்கியர் தம் ஆட்சிக்காலத்தில் குடாநாட்டைக் கோயிற்பற்றுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயம் அமைத்தனர். அவற்றுள் ஒன்று பண்டத்தரிப்பில் எழுந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அக்கோயிலைத் தம் சமயத்துக்கு உரியதாக்கிக் கொண்டனர். கோயிலே பள்ளியாகவும் விளங்கிற்று.

அப்பள்ளியின் உபாத்தியாயர் எழுத்துக் கற்பிப்பவர் மட்டுமல்லர். ஞானஸ்நானமும் விவாகமும் பதியும் தோம்பு அவர் கையில் இருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டம் கட்ட வேண்டும். ஒல்லாந்த அரசின் கீழ் உத்தியோகம் பெற விரும்பியவன் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே பெயரளவில் கிறித்தவராய், மனையில் சைவராய் வாழ்ந்தோர் தொகை பெரிது. ஆங்கிலேயர் வந்து அவ்விதியின் பிடி தளர்ந்ததும், மக்கள் திரளாகத் தம் பழைய வழிபாட்டை வெளிப்படையாக மேற்கொண்டனர். வேலைக்காகப் பெற்ற மதம் வேலையோடு போயிற்று; கோயிற் கட்டடங்களும் பாழடைந்தன.

அக்கட்டடங்களை நாடியே அமெரிக்க மிஷனரிமார் வந்தனர். முதற் குழுவினர் 1816இல் தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் தங்கினர். 1819ஆம் ஆண்டு இறுதியில் வந்த இரண்டாங் குழுவில் ஜோன் ஸ்கடர் என்ற மருத்துவர் இருந்தார். நியூயோர்க் நகரில் நன்கு நடந்த வைத்தியத் தொழிலைத் துறந்து வந்தவர் அவர். 1820இல் பண்டத்தரிப்பில் குடியமர்ந்து, மருந்துச் சாலையும் பள்ளியும் நடத்தினார். பின்னாளில் ஆர்க்காட்டு மிஷனைத் தொடங்கிய அவருடைய மகன் ஹென்றி 1822இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். வேலூரில் மருத்துவப் பணி புரிந்த ஐடா ஸ்கடர் அம்மையார் இக்குடும்பத்தின் பெயர்த்தி.

அக்காலத்தில் ஆட்சி நடத்திய எட்வேர்ட் பார்ன்ஸ், இனி அமெரிக்கர் எவரும் இத்தீவில் வந்து சேரலாகாது எனத் தடை விதித்தார். அச்சுயந்திரத்தோடு வந்த கரெட் என்பவர் திருப்பி அனுப்பப்பட்டார். 1833இலேதான் புதிய அமெரிக்கர் மீண்டும் வர முடிந்தது. தடை தீமையாகவே தோன்றினும், அதனால் விளைந்த நன்மையும் ஒன்றுண்டு. வெளியிலிருந்து ஆள் வாராதபோது, உள்ளூராரைப் பயிற்றி வேலைக்கமர்த்துவதன்றி வேறு வழியில்லை. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியதற்கு இத்தேவையும் ஒரு காரணம் எனலாம்.

ஊர்ப்பள்ளிகளுக்கு வேண்டிய ஆசிரியரைக் கிறித்தவரிடையே மட்டும் தேடினால் பள்ளிகள் திறந்திரா. எனவே திருநீறணிந்த சட்டம்பிமாரையே மிஷன் பெரும்பாலும் நியமித்தது. மாணாக்கரின் தொகையையும் வாசிப்புத் திறனையும் கணக்கிட்டுச் சம்பளம் கொடுக்கப்பட்டது. சம்பளத்துக்காக வரும் சட்டம்பியார் விவிலியப் பாடத்தையும் கற்பித்துவிட்டு, மாலையில் கோயிலுக்குச் செல்வார். ஒல்லாந்தர் விதியோடு இதனை ஒப்பிட்டால் நூற்றாண்டு மாறியது விளங்கும்.

சாதி விஷயத்தில் இந்த இணக்கம் எளிதாகக் கைகூடவில்லை. மிஷன் வளவில் தங்கிப் படிக்க வந்த சிறுவர், அவ்வளவில் சமைத்த உணவை உண்ண மறுத்தனர். அயலில் உள்ள சைவரின் காணியில், தம் சாதியார் சமைக்க உண்ணும் ஏற்பாடு சில இடங்களில் செய்யப்பட்டது. பாடத்தை ஒன்றாய்க் கேட்பவர் சோற்றை ஒன்றாய் உண்ணார்! வாயில் எல்லோருக்கும் திறந்ததெனச் சொல்லப்பட்டாலும், உயர்கல்வி பெற்றவருட் பெரும்பாலோர் வேளாளக் குடியினரே. பெண் பிள்ளைகளுக்கோ, 1824இல் உடுவிலில் தொடங்கிய விடுதிப்பள்ளி அரிய வாய்ப்பாயிற்று. அங்கும் ஊர் வழக்கத்துக்கு இணங்கிக் கிறித்தவரை மணந்த மாணவியருக்குச் சீதனம் கொடுக்க வேண்டியிருந்தது.

செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆயினும் அதிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற மருத்துவர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கினார். ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்வர், தமிழிற் கற்றவர் ஊரிலே நின்று தொண்டு செய்வர் என்பது அவர் எண்ணம்.

எனினும் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் எங்கே இருந்தனர்? பள்ளியில் இடம் கிடைத்தபோதும் வாங்கில் இடம் கிடைக்கவில்லை. நிலத்திலோ, வாசற்புறத்திலோ அமர்ந்து பாடம் கேட்டனர். 1847இல் யாழ்ப்பாணத்து வெசிலியன் பள்ளியில் இத்தகைய ஒரு மாணவனைச் சேர்த்தபோது உயர்சாதி மாணவர் பலர் வெளியேறினர். எண்பதாண்டு கழிந்தும் நிலை பெரிதும் மாறவில்லை. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்று, சமபந்தி போசனத்தைத் தன் கூட்டங்களிலே நடத்தியது. 1929ஐ ஒட்டி, உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர்த்தப்பட வேண்டும் என்று கல்விப்பகுதி கட்டளையிட்டது. கட்டளையை நீக்குமாறு மனுக்கள் பறந்தன. குடாநாட்டின் பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அவற்றுட் கிடுகு வேய்ந்தவை ஓரிரவிலேயே சாம்பராயின. எரிந்த பள்ளியின் முற்றத்தில் மறுநாள் காலை சிலேட்டோடு வந்த பிள்ளைகள் எவரும் வாங்கில்லாமலே நின்றனர்.