அமெரிக்க அரசியல் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது?

1854ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள். அமெரிக்க விடுதலை நாளாகிய அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில் அடிமை முறை ஒழிப்பாளர்கள் ஒரு கூட்டம் கூட்டியிருந்தனர். 1831 முதல் 'லிபரேட்டர்' என்னும் இதழை நடத்திவந்த வில்லியம் லாயிட் காரிசன் மேடையேறினார். தம் நாட்டு அரசியல் சட்டத்தின் படி ஒன்றைக் கையிலெடுத்து, கூடியிருந்தோர் காணத் தீயிட்டுக் கொளுத்தினார். காரிசன் வெள்ளையர், கறுப்பின மக்களின் விடுதலைக்கே தம் வாழ்நாளை ஈந்தவர். அவரால் பொது வாழ்வுக்கு அழைத்துவரப்பட்டவர் பிரெடெரிக் டக்ளஸ். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி வந்தவர். அந்த டக்ளஸோ, 1851ஆம் ஆண்டிலேயே, இச்சட்டம் அடிமைகளுக்குப் பகையன்று, அவர்கள் கையில் ஏந்தத்தக்க படைக்கலன் என்று அறிவித்துக் காரிசனைப் பிரிந்துவிட்டார். சங்கிலியை அணிந்தறியாதவர் சட்டத்தை எரித்தார். அணிந்தவர் அதை ஏந்தினார். இவ்விருவருள் சட்டத்தைச் சரியாகப் படித்தவர் யார்?

1787இல் ஃபிலடெல்ஃபியா நகரில் அமெரிக்க அரசியல் சட்டம் இயற்றப்பட்டது என்று நம் மாணவர்கள் தேர்வு விடைத்தாளில் ஒரு வரி எழுதுவர். அதற்கு நாமும் மதிப்பெண் இட்டுவிடுவோம். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கியுள்ளன என்பதைச் சொல்லிக்கொடுக்க நேரம் இருப்பதில்லை.

அவ்வாண்டு மே 25 முதல் செப்டம்பர் 17 வரை அம்மாநாடு நடந்தது. வந்து சென்ற பேராளர்கள் 55 பேர். கையொப்பமிட்டவர்கள் 39 பேர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமைகளை உடைமையாகக் கொண்டவர்கள். பேச்சு வெளியே கசியக்கூடாதென்று கதவுகளை அடைத்துக்கொண்டு கூடினர். 1790இல் எடுக்கப்பட்ட முதற் குடிக்கணக்கின்படி அந்நாட்டு மக்கள் தொகை சுமார் 39 இலட்சம். அவர்களுள் அடிமைகள் ஏறத்தாழ 7 இலட்சம். அந்த 7 இலட்சம் பேரைப் பற்றி மூன்று இடங்களில் சட்டம் விதி செய்தது. ஆனால் 'அடிமை' என்னும் சொல்லை ஓரிடத்திலும் எழுதவில்லை. 'பிற ஆட்கள்' என்றும், 'பணி செய்யக் கடமைப்பட்ட ஆள்' என்றும் சுற்றி வளைத்தே எழுதினர். மனிதனை உடைமையாகக் கருதும் எண்ணத்தைச் சட்டத்தில் ஏற்றுவது தவறு என்று ஜேம்ஸ் மாடிசன் அம்மன்றத்தில் கூறியதாக அவருடைய குறிப்பிலேயே உள்ளது. அவ்வாறு கூறிய மாடிசனுக்கும் அடிமைகள் இருந்தனர்!

அம்மூன்று விதிகளுள் முதலாவதைப் பலர் தவறாகவே புரிந்துகொண்டுள்ளனர். பிரதிநிதிகள் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்கவேண்டும் என்பது அவ்விதி. கறுப்பர் ஒருவரை முக்கால் மனிதராகக்கூட மதிக்காத விதி இது என்று கூறிச் செல்வது எளிது. உண்மை அதனினும் கொடியது. அடிமைகளை முழு எண்ணாகச் சேர்க்கவேண்டும் என்று வாதாடியவர்கள் அவர்களின் உடைமையாளர்களே. ஒருவரையும் சேர்க்கக்கூடாது என்றவர்கள் வடபுலத்தார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 பேருக்கு ஓர் உறுப்பினருக்கு மேல் கூடாது என்பது சட்டம். ஒரு மாநிலத்தில் 50,000 அடிமைகள் இருந்தால், அதில் ஐந்தில் மூன்று பங்கு 30,000. ஆகவே அம்மாநிலத்து ஆண்டைகளுக்கு ஓர் இடம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த 50,000 பேருள் ஒருவருக்கும் வாக்கில்லை. அடிமையின் தலையை எண்ணி ஆண்டையின் கையை வலுப்படுத்திய ஏற்பாடு இது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவுக்கும் இதே கணக்குத்தான் அடிப்படை. முதல் ஐந்து குடியரசுத் தலைவர்களுள் நால்வர் அடிமைகளை வைத்திருந்த வர்ஜீனியர் என்பதை இதனோடு வைத்து எண்ணவேண்டும்.

மற்றிரண்டையும் சுருங்கக் கூறலாம். 1808க்கு முன்னர் அடிமை வாணிகத்தைத் தேசியப் பேரவை தடைசெய்யக்கூடாது என்பது ஒன்று. ஒரு மாநிலத்திலிருந்து தப்பியோடிய பணியாளை மற்றொரு மாநிலம் திருப்பி ஒப்படைக்கவேண்டும் என்பது மற்றொன்று.

மாநாட்டில் நடந்த வாதங்களை மாடிசன் நாள்தோறும் குறித்து வைத்திருந்தார். அவர் 1836இல் மறைந்தார். குறிப்புகள் 1840இல் அச்சேறின. அடைத்த கதவுகளுக்குள் நடந்த பேரத்தை அரை நூற்றாண்டு கழித்தே நாடு படித்தது. காரிசனின் தோழரும் சட்டம் பயின்றவருமான வெண்டெல் பிலிப்ஸ் 1844இல் அப்பகுதிகளைத் திரட்டி வெளியிட்டு, இச்சட்டம் அடிமை முறையைக் காக்கச் செய்துகொண்ட உடன்படிக்கையே என்று நிறுவினார். ஆகவே இதன்கீழ் வாக்களிப்பதும் பதவி ஏற்பதும் பாவம், தென்மாநிலங்களோடு கூட்டே வேண்டா என்பது காரிசன் அணியின் முடிவு. மறு ஆண்டே லைசாண்டர் ஸ்பூனர் என்னும் வழக்கறிஞர் இதனை மறுத்து நூலெழுதினார். சட்டத்தின் பொருள் அதன் சொற்களில் உள்ளதேயன்றி, எழுதியவர்களின் மறைவான உள்ளக் கிடக்கையில் இல்லை என்பது அவர் வாதம்.

தொடக்கத்தில் காரிசன் பக்கம் நின்ற டக்ளஸ் இவ்வாதங்களைப் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்தார். 1860இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அவர் ஆற்றிய உரையில் அவருடைய நிலை தெளிவாக விளங்குகிறது. சட்டத்தை ஏற்று வாக்களித்த மக்கள் கண்டது எழுத்தைத்தான். கதவுக்குள் நடந்த பேச்சையன்று. முகவுரை 'மக்களாகிய நாம்' என்றே தொடங்குகிறது. வெள்ளை மக்கள் என்று எழுதப்படவில்லை. பணி செய்யக் கடமைப்பட்டவரைத் திருப்பி ஒப்படைக்கவேண்டும் என்கிறது விதி. அடிமைக்கு ஆண்டையிடம் என்ன கடன்பாடு? ஒப்பந்தம் செய்யும் உரிமையே இல்லாதவருக்குக் கடமை எங்கிருந்து வந்தது? இவற்றினும் மேலாக ஒன்று கேட்டார். தென்மாநிலங்களைத் துண்டித்துவிட்டால், அங்கே சங்கிலியில் கிடப்பவர்களை ஆண்டைகளிடமே விட்டுவிட்டு வருவதாகாதா? கரையில் நிற்பவனுக்குக் கப்பலை வெட்டிவிடுவது எளிது. கப்பலின் அடித்தளத்தில் தன் உற்றார் கட்டுண்டு கிடப்பதை அறிந்தவன் அவ்வாறு செய்யான்.

1857 மார்ச் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்தது. தம்மை ஆண்டை அடிமை முறையில்லாத பகுதிகளுக்கு அழைத்துச்சென்று வாழவைத்ததால் தாம் விடுதலை பெற்றவர் என்று வழக்கிட்டவர் ஸ்காட். தலைமை நீதிபதி ரோஜர் டேனி, ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் எவரும் இந்நாட்டுக் குடிமக்களாக முடியாது என்றார். சட்டம் இயற்றப்பட்ட காலத்தில், வெள்ளையர் மதிக்கவேண்டிய உரிமை எதுவும் அவர்களுக்கு இருந்ததாக யாரும் கருதவில்லை என்றும் எழுதினார். இங்கு ஒரு விந்தையைக் காண்கிறோம். அடிமை முறையைக் காத்த டேனியும் அதனை எதிர்த்த காரிசனும் சட்டத்தின் பிறப்பைப் பற்றி ஒரே கதையைத்தான் சொன்னார்கள்!

அக்கதை பொய் என்று அதே வழக்கில் எழுதினார் நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ். அரசியல் சட்டத்துக்கு முன்பிருந்த கூட்டமைப்பு உடன்படிக்கை ஏற்கப்பட்ட காலத்திலேயே நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், நியூயார்க், நியூ ஜெர்சி, வடகரோலினா ஆகிய 5 மாநிலங்களில், வேண்டிய தகுதி பெற்ற விடுதலைக் கறுப்பர்க்கு வாக்குரிமை இருந்தது. அரசியல் சட்டத்தை ஏற்பதா வேண்டாவா என்று முடிவு செய்ததிலும் அவர்களுள் சிலர்க்குப் பங்குண்டு. 'மக்களாகிய நாம்' என்பதற்குள் அவர்களும் அன்றே இருந்தனர். ஆனால் 9 நீதிபதிகளுள் அவர் பக்கம் நின்றவர் ஜான் மக்லீன் ஒருவரே. அவ்வாண்டே கர்ட்டிஸ் பதவி விலகினார். என் உள்ளத்தை மிகவும் வருத்துவது இப்பகுதியே. ஒரு மக்கள் கூட்டத்தின் இருப்பை வரலாற்றிலிருந்து நீக்கினால் உரிமையையும் நீக்கிவிடலாம் என்பதற்கு இத்தீர்ப்பினும் தெளிவான சான்றை யான் அறியேன்.

பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. 1865இல் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அச்சொல் அமெரிக்கச் சட்டத்தில் முதன்முதலாக எழுதப்பட்டது, அதனை ஒழித்த அத்திருத்தத்தில்தான். 1868இல் 14ஆம் திருத்தம் டேனியின் தீர்ப்பை முறியடித்தது. அங்கு நேர்ந்த மாற்றம் நம் நாட்டிலும் எதிரொலித்தது. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்தமைக்காக அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஆனால் 1896இல் அதே உச்ச நீதிமன்றம் கறுப்பர்க்குத் தனி ரயில்பெட்டி வைப்பது சட்டத்துக்கு உகந்ததே என்றது. அத்தவறு களையப்பட 1954 வரை காத்திருக்க நேர்ந்தது.

அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டு 1913. அங்குப் பேராசிரியராயிருந்த சார்லஸ் பியர்ட் அதே ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டு நாட்டையே கொதிக்கச் செய்தார். சட்டம் இயற்றியோர் தம் கடன்பத்திரங்களையும் செல்வத்தையும் காத்துக்கொள்ளவே அதனை ஆக்கினர் என்று கருவூலப் பதிவேடுகளைக் காட்டி வாதிட்டார். ராபர்ட் பிரவுன் 1956இலும் ஃபாரஸ்ட் மக்டொனால்டு 1958இலும் அவருடைய சான்றுகளைப் பெரிதும் தகர்த்தனர். பியர்டின் துணிவை யான் மதிக்கிறேன். எனினும் அடிமைகள் அவர் நூலில் இடம்பெறுவது செல்வர்களின் சொத்துக் கணக்கில்தான். அடிமைகளையும் விடுதலை பெற்றோரையும் வரலாற்றை நடத்தியவர்களாகக் காண 1935இல் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் எழுதிய நூல் வரவேண்டியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவைப் பற்றிய வழக்கோ இன்னும் ஓயவில்லை. பால் ஃபிங்கல்மன் பிலிப்ஸின் பக்கம் நிற்கிறார். 'அடிமை' என்னும் சொல்லை விலக்கியதே பின்னாளைய விடுதலைக்கு வழிவிட்டது என்று 2018இல் ஷான் விலென்ட்ஸ் எழுதினார். மாநாட்டினரின் நோக்கத்தைப் பொறுத்தவரை பிலிப்ஸ் சொன்னதே பெரிதும் உண்மை என்பது என் கருத்து. ஆனால் நோக்கத்தோடு சட்டம் முடிந்துவிடுவதில்லை. அவ்வகையில் டக்ளஸே வென்றார்.

எரிக்கும் பேச்சு நம் நாட்டிலும் எழுந்ததுண்டு. இதனை எரிக்கும் முதல் ஆள் நானாகவே இருப்பேன் என்று அண்ணல் 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில் கூறினார். காரிசன் எரித்தது பிறர் எழுதிய சட்டம். அண்ணல் பேசியது தாமே தலைமையேற்று வரைந்த சட்டம். 1955 மார்ச்சில் அதன் காரணத்தையும் அதே அவையில் விளக்கினார். தெய்வத்துக்கென்று கட்டிய கோயிலில், தெய்வம் எழுந்தருளுமுன் அசுரர் புகுந்துகொண்டனர் என்பது அவர் விளக்கத்தின் கருத்து.

1987இல் அமெரிக்கா தன் சட்டத்தின் 200ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியும், அடிமை ஒருவரின் கொள்ளுப்பேரனுமாகிய தர்குட் மார்ஷல், ஹவாயில் பேசும்போது அவ்வாரவாரத்தில் கலந்துகொள்ள மறுத்தார். ஃபிலடெல்ஃபியாவில் கூடியோர் ஆக்கியது தொடக்கத்திலேயே குறையுடையது. பெருமை அக்குறையை ஏற்க மறுத்துப் போராடியவர்களையே சாரும் என்றார். 1954இல் பள்ளிகளின் கதவைத் திறந்த வழக்கில் வாதாடி வென்றவர் அவரே.

அமெரிக்கர் தம் சட்டத்தைத் திருத்தும்போது பழைய வாசகத்தை அழிப்பதில்லை. திருத்தத்தை இறுதியில் சேர்ப்பர். ஆகவே அச்சட்டத்தை இன்று விரித்தாலும் முதற் பக்கங்களிலேயே 'ஐந்தில் மூன்று' என்னும் சொற்களைக் காணலாம். 13ஆம் திருத்தத்தைக் காணப் பல பக்கங்களைப் புரட்டவேண்டும்.