ஸ்ரீராமனின் ஜாதகம்

வால்மீகி ராமாயணத்தில் நம் நாட்டில் பாராயணம் செய்யப்பெறும் பாடம், பாலகாண்டத்தின் 18-ஆம் சர்க்கத்தில், சைத்ர மாதம், நவமி திதி, புனர்பூச நட்சத்திரம், கடக லக்னம், அதில் சந்திரனோடு கூடிய குரு, உச்சம் பெற்ற ஐந்து கிரகங்கள் என்று ஸ்ரீராமனுக்கு ஒரு ஜாதகத்தையே வகுத்துத் தருகிறது. அந்த ஐந்தும் எவை என்று சுலோகம் கூறவில்லை. மேஷத்தில் சூரியன், மகரத்தில் செவ்வாய், கடகத்தில் குரு, துலாத்தில் சனி, மீனத்தில் சுக்கிரன் என்று வியாக்கியானகர்த்தர்கள் நிரப்பிய கட்டமே இன்று பூஜையறைகளில் மஞ்சள் குங்குமத்தோடு விளங்குகிறது.

ஆயினும் கணிதம் நெருடுகிறது. நவமி பிறக்க, சந்திரன் சூரியனைவிட்டு 96 பாகையேனும் விலகியிருத்தல் வேண்டும், புனர்பூசமோ கடகத்தின் 3 பாகை 20 கலையில் முடிந்துவிடுவதால், சூரியன் மேஷத்தின் முதற்புள்ளியிலே நின்றாலும் இடைவெளி 93 பாகை 20 கலையைத் தாண்டாது, அன்று அஷ்டமியே. சூரியனை மீனத்தின் கடைசிக்கு நகர்த்தினால் நவமி கைகூடும். ஆனால் உச்சக் கிரகங்கள் நான்காகிவிடும்.

வேதாங்க ஜ்யோதிஷம் திதியையும் நட்சத்திரத்தையும் அறியும். மேஷாதி ராசிகளை அறியாது. யவனர் தொடர்பால் ராசிச் சக்கரம் இங்கே வேரூன்றிய பின்னரே இக்கிரகநிலை காவியத்தில் புகுந்தது என்பர் அறிஞர். பரோடா ஆராய்ச்சிப் பதிப்பும் அதனை மூலத்தில் ஏற்கவில்லை. இடைச்செருகலே எனினும், அதனைச் செருகிய கை பக்தியின் கை என்பதில் எனக்கு ஐயமில்லை.