பெருசு கிளம்பிப் போன நாள்

அரக்கோணத்தைச் சுற்றியிருக்கும் எங்க ஊர்களில் 25 வருஷமா ‘பெருசு’ என்றால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா இல்லை. ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பும் டியூ-142 விமானம்தான் பெருசு. சின்னப் பசங்க ஜெட்டுன்னு சொல்லுவாங்க. ஆனா அது ஜெட் இல்லை, விசிறி வச்ச ரஷ்ய விமானம்.

கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலைன்னு சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரங்க கேட்பாங்க. சென்னையே இங்கிருந்து 70 கிலோமீட்டர்தான். ஆகாயத்தில் போகிறவனுக்கு அது ஒரு தூரமா? இரண்டாம் உலகப்போர் காலத்திலேயே இங்க விமானம் இறங்க ஓடுபாதை இருந்தது. எங்க தாத்தா அதுக்குக் கல் உடைச்சுக் கூலி வாங்கினாராம், அப்பா சொல்லுவார். ரொம்ப காலம் கழிச்சு, 1992 மார்ச் 11 அன்னிக்கு, அப்போது ஜனாதிபதியா இருந்த ஆர். வெங்கட்ராமன் வந்து ஐ.என்.எஸ். ராஜாளியைத் தொடங்கி வச்சார். ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு நீளம் பெருசுக்குத் தேவைப்பட்டது.

இந்தியா வாங்கினது மொத்தம் 8 விமானம். 1988-ல் முதலில் கோவாவுக்கு வந்து, 1992-ல் இங்க வந்து சேர்ந்தது. இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 50 மீட்டர். நாலு எஞ்சின். ஒவ்வொரு எஞ்சினிலும் முன்னும் பின்னுமா ரெண்டு விசிறி, ஒண்ணு இடமாச் சுத்தினா இன்னொண்ணு வலமாச் சுத்தும். அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நெஞ்சுக்கு வந்துடும். மல்லாட்டைக் கொல்லியில் களை எடுக்கிற பொம்பளைங்க பேச்சை நிறுத்திட்டு, அது தாண்டின பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவாங்க.

அது பார்த்த வேலை, கடலுக்கு அடியில் ஒளிஞ்சிருக்கும் நீர்மூழ்கியைத் தேடறது. ஒலி கேட்கும் மிதவைகளைத் தண்ணியில் போட்டு, மேலே பறந்துகிட்டே காது கொடுத்துக் கேட்கும். ஊரையே செவிடாக்கற ஒரு விமானத்துக்கு இப்படி ஒரு வேலை! இங்க வர்றதுக்கு முன்னாடியே, 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சியைப் பிடிக்க வந்த கூலிப்படை, பிணைக்கைதிகளோட கப்பலில் தப்பி ஓடினப்போ, அதைத் தேடின வேலையிலும் இதுக்குப் பங்கு உண்டு.

எங்க அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் மங்கிப் போச்சு. கயித்துக் கட்டிலில் படுத்துகிட்டு சத்தத்தை வச்சே கணக்கு வச்சிருப்பார். “காலையில ரெண்டு போச்சு, ஒண்ணுதான் திரும்பிச்சு” என்பார். இன்னொண்ணும் இறங்கின பிறகுதான் தூக்கம். பெருசு போனா பத்து மணி நேரத்துக்கு மேலும் திரும்பாது. அதுவரைக்கும் அவரும் புரண்டு புரண்டு படுத்திருப்பார்.

இத்தனை வருஷத்தில் ஊரில் யார்கிட்டயும் அதோட படம் கிடையாது. தளத்துச் சுவரில் படம் எடுக்கத் தடைன்னு எழுதியிருக்கும், நாங்களும் அந்தப் பக்கம் கேமராவைத் தூக்கறதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடினப்போ பயணிகள் விமானம் ராஜாளியில் வந்து இறங்குச்சே, அந்த ஒரு தடவைதான் வெளி ஜனங்க இந்த ஓடுபாதையில் கால் வச்சாங்க.

2017 மார்ச் 29 அன்னிக்குப் பெருசுக்கு ஓய்வு கொடுத்தாங்க. 29 வருஷத்தில் 30,000 மணி நேரம் விபத்தே இல்லாம பறந்திருக்கு. வேலையை போயிங் பி-8ஐ எடுத்துக்கிச்சு. ஏப்ரலில் ஒரு பெருசு, அருங்காட்சியகத்தில் வைக்கறதுக்காக, இங்கிருந்து விசாகப்பட்டினத்துக்குக் கடைசியா பறந்தது. அங்கே இறங்கின இடம் அப்போ கடற்படையும் பயணிகள் விமானமும் சேர்ந்து பயன்படுத்தின நிலையம்.

அன்னிக்கு நான் கழனியில் தண்ணி கட்டிகிட்டிருந்தேன். சத்தம் கேட்டதும் ஈரக் கையை வேட்டியில் துடைச்சுட்டு, வானத்தைப் பார்த்துப் போனில் ரெண்டு படம் எடுத்தேன். ஒண்ணில் பனைமர ஓலை மட்டும்தான். இன்னொண்ணில் ஓலைக்கு மேலே கொசு மாதிரி ஒரு புள்ளி. பெரிசு பண்ணினா நாலு எஞ்சினும் தெரியும்.

ராத்திரி அப்பா கேட்டார், “பெருசு இன்னும் திரும்பலையேடா?”

“விசாகப்பட்டினத்துல இறங்கிடுச்சுப்பா. அங்கயே இருக்கப்போவுது.”

“பத்திரமா இறங்கிச்சா?”

“இறங்கிச்சு.”

கொஞ்ச நேரத்தில் தூங்கிட்டார்.

அங்கே அதைப் பிரிச்சு, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய் மறுபடி கோர்த்து நிறுத்தினாங்க. 2017 டிசம்பரில் ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் திறந்து வச்சார். அப்பா காலமான அடுத்த வருஷம் நான் போய்ப் பார்த்தேன். 25 வருஷம் தலைக்கு மேலே போனதை முதல் முறையா கைக்கெட்டற தூரத்தில் பார்க்கறேன். விசிறி இலைகளை எண்ணினேன், 32. தடையில்லை, ஆசை தீர எடுத்தேன். ஆனா படத்தில் அது சும்மா நிக்கிற விமானம்தான்.

சாலைக்கு அந்தப் பக்கம் குர்சுரா நீர்மூழ்கியை அருங்காட்சியகமா நிறுத்தி வச்சிருக்காங்க. வாழ்நாள் முழுக்கத் தேடினவனும் ஒளிஞ்சவனும் எதிரெதிரே. ரெண்டையும் ஒரே படத்தில் பிடிக்க ரோட்டோரமா ரொம்ப நேரம் நின்னேன். ஒவ்வொரு தடவையும் குறுக்கே ஏதாவது ஒரு ஆட்டோ வந்துகிட்டே இருந்தது.