விளங்கவே பேசுவோம்



சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகப் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஜும்ஆ குத்பா அரபியில் மட்டுமே ஓதப்பட்டது. ஓசை செவியை எட்டியது. பொருள் உள்ளத்தை எட்டவில்லை. நாச்சியார்கோவில் பா. தாவூத் ஷா (1885–1969) தம் 'தாருல் இஸ்லாம்' இதழின் வாயிலாக, கேட்போர் அறிந்த தமிழில் குத்பா அமைய வேண்டும் என வாதாடினார். கடும் எதிர்ப்பையும் சந்தித்தார். இன்றோ குத்பாவுக்கு முன் தமிழ் பயான் நிகழ்வது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார்கள் என்கிறது திருமறை (14:4). மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைஞ்சியது, தம் சொல்லை மக்கள் விளங்கிக்கொள்வதற்காகவே (20:27, 28), புகழுக்காக அன்று. குத்பாவைச் சுருக்குவது மார்க்க அறிவின் அடையாளம் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (முஸ்லிம்).

பிள்ளைச்சாவடியில் வாழும் நமக்கும் இதில் பாடம் உண்டு. மதரஸா ஆண்டு விழாவில் பேசவிருக்கும் பிள்ளைக்குப் பொருள் அறியாத அடுக்குமொழியை மனப்பாடம் செய்விக்காதீர்கள். பேச வேண்டிய கருத்து ஒன்றைத் தெரிந்தெடுத்து, முதலில் வீட்டிலுள்ள பாட்டியிடம் சொல்லிக் காட்டச் செய்யுங்கள். அவருக்கு விளங்கினால் அவைக்கும் விளங்கும்.

விளங்கப் பேசும் நாவை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.