ஹோவர்கிராஃப்ட்

ஆங்கிலத்தில் 'ஹோவர்' என்னும் வினைச்சொல், ஒரு பறவை ஆகாயத்தில் முன்னேறாமலும் கீழிறங்காமலும் ஓரிடத்திலேயே சிறகடித்து நிற்பதைக் குறிப்பது. 'கிராஃப்ட்' என்பதோ ஆதியில் பலம் என்னும் அர்த்தத்தில் வழங்கி, பின் தொழில் திறமையென விரிந்து, காலக்கிரமத்தில் சிறு மரக்கலங்களுக்கும் விமானத்துக்கும் உரிய பெயராயிற்று. கிறிஸ்டோபர் காக்கரெல் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1950களில் உருவாக்கிய நூதன வாகனத்துக்கே இவ்விரு சொற்களும் கூடிய இப்பெயர் அமைந்தது. அவ்வாகனம் 1959 ஜூலையில் காலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து சென்றது.

விசிறிகள் கீழ்நோக்கிச் செலுத்தும் காற்றை, அடிவிளிம்பைச் சுற்றித் தொங்கும் ரப்பர்ப் பாவாடை சிதறவிடாமல் தாங்கி நிற்க, அக்காற்றின் மீதே வாகனம் எழுந்து ஊர்வதால், நீர், சேறு, மணல் என்னும் பேதம் அதற்கில்லை. சாதாரணப் படகு கரை தட்டிச் சைனியத்தை அலையிலேயே இறக்கிவிட நேரும் இடத்தில், இது கடலிலிருந்து மணல்மேட்டுக்கு நேரே ஏறிவிடும். அமெரிக்கக் கடற்படை 1980களில் சேர்த்துக்கொண்ட 'எல்சிஏசி' என்னும் வகை, ஒரு பெரிய டாங்கியைச் சுமந்து 40 நாட் வேகத்தில் செல்ல வல்லது. அப்பெயர் 'காற்று மெத்தைத் தரையிறங்கு கலம்' என்பதன் சுருக்கமே. சோவியத் நாட்டாரோ மூன்று டாங்கிகளை ஏற்றவல்ல தங்கள் கலத்துக்கு, அதன் பிரம்மாண்டத்துக்கேற்ப, 'ஸூபர்', அதாவது ஐரோப்பியக் காட்டெருமை, என்று பெயரிட்டனர்.

தமிழில் 'காற்று மெத்தை ஊர்தி' என எழுதுவதுண்டு. ஆங்கிலப் பெயர் ஊர்தியின் தோற்றத்தைச் சொல்ல, இது அதன் இயக்கத்தைச் சொல்கிறது.