நூல் அறும் இடம்: மென்பொருட் சிதைவுக் கோட்பாட்டின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

கல்முனைக்கு வடக்கே, பெரியநீலாவணையும் மருதமுனையும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் கரையோரத்தில் கைத்தறி நெசவு நெடுங்காலமாக வேரூன்றிய தொழிலாகும். தறியில் அமர்ந்தவருக்கு நூல் அறுதல் அன்றாட நிகழ்ச்சி. ஒரு பாவிழை அறுந்ததும் தறி நிற்கிறது. அறுந்த முனைகளைத் தேடி முடிந்து, விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோத்தாலன்றி வேலை தொடராது. நெய்த துணியின் அளவுக்கே கூலி பெறுபவருக்கு அந்த நேரம் கூலியில்லா நேரமாகும்.

இன்று பௌதிகவியலிலும் பொறியியலிலும், றப்பர், களி, உயிரிழையம் போன்ற மென்பொருள்கள் எவ்வாறு கிழிகின்றன என்பதைக் கணிதமாதிரிகளால் விளக்கும் முயற்சி பெருகியுள்ளது. கலாநிதிப் பட்டம் பெற்றபின் ஆய்வைத் தொடரும் இளைஞர் பலர் இத்துறையில் உழைக்கின்றனர். இதன் வரலாற்றைக் கூறுவோர், 1921இல் கிரிபித் என்பார் கண்ணாடியின் உடைவு பற்றி வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கம். அது பிழையன்று, ஆயினும் முழுமையுமன்று. கண்ணாடி வன்பொருள். மென்பொருட் சிதைவு பற்றிய சிந்தனைக்குப் பிறிதொரு வேர் உண்டு. அது தறியின் பக்கத்தில் இருக்கிறது.

நீண்ட கயிறு குட்டையான கயிற்றைவிட எளிதில் அறுமா என்பது பழைய வினா. லியனாடோ டா வின்சி தம் குறிப்பேட்டில், பல்வேறு நீளமுள்ள இரும்புக் கம்பிகளில் கூடையைத் தொங்கவிட்டு, அதனுள் மணலைச் சிறிது சிறிதாகச் சொரிந்து சோதிக்கும் முறையொன்றை எழுதி வைத்தார். 1638இல் கலிலியோ தமது உரையாடல் நூலில், நீளம் கயிற்றை மெலிவிக்கும் எனும் கருத்தை ஒரு பாத்திரத்தின் வாயிலாகக் கூறச்செய்து, மற்றொரு பாத்திரத்தின் வாயிலாக மறுத்தார். எல்லா இடத்தும் ஒரே சீரான கயிற்றைப் பொறுத்தவரை அவர் மறுப்புச் சரியே. ஆனால், அத்தகைய கயிற்றை எந்த நெசவாளரும் கண்டதில்லை. நூலில் தடித்த இடமும் மெலிந்த இடமும் முறுக்குக் குறைந்த இடமும் உண்டு.

இந்தச் சீரின்மையையே ஆய்வுப் பொருளாக்கியவர் எவ். ரி. பியர்ஸ். மன்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரியில் பிரித்தானியப் பருத்தித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தின் சேர்லி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1926இல் பருத்தி நூலின் வலிமை பற்றிய கட்டுரையொன்றில், நூலின் வலிமை அதன் மிக மெலிந்த பகுதியின் வலிமையே என்னும் கருத்துக்குக் கணித வடிவம் தந்தார். நீளம் கூடுந்தோறும் மெலிந்த இடமொன்று அதில் அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே சராசரி வலிமை குறைகிறது. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் வைபுல் 1939இல் வெளியிட்டதும் இன்று அவர் பெயராலேயே வழங்குவதுமான பரம்பல் இதே சிந்தனை மரபைச் சேர்ந்தது. 1945இல் டானியல்ஸ் நூற்கற்றைகளை ஆராய்ந்தார். அவரும் கம்பளித் தொழிலுக்குரிய ஆய்வுகூடமொன்றைச் சேர்ந்தவரே. கற்றையில் ஓரிழை அறுந்தால் அதன் சுமை எஞ்சியவற்றின்மீது பகிரப்படுகிறது. அச்சுமையால் வேறொன்று அறுகிறது. ஈற்றில் முழுக் கற்றையும் சரிகிறது. பின்னாளில் கல்கத்தாவின் சாகா அணுக்கருப் பௌதிக நிறுவனத்தில் விகாஸ் சக்ரவர்த்தி முதலானோர் இம்மாதிரியை விரிவாக ஆராய்ந்தனர். நூலுக்கென எழுந்த மாதிரி நெகிழ்வான வலைப்பின்னல்களின் சிதைவை ஆராயவும் இன்று பயன்படுகிறது.

றப்பரின் வரலாறும் இதற்கு அயலானதன்று. 1953இல் றிவ்லின், தோமஸ் ஆகிய இருவரும் றப்பர் கிழிவதற்கு வேண்டிய ஆற்றலை அளக்கும் வழியை வகுத்தனர்; கிரிபித்தின் கருத்து மென்பொருளுக்கும் பொருந்தியது. அவர்கள் பணியாற்றிய பிரித்தானிய றப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் மலாயா றப்பர்மீது விதிக்கப்பட்ட தீர்வையால் நடந்தது. அத்தோட்டங்களில் பால்வெட்டியோருட் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர் என்பதை எந்தப் பௌதிகப் பாடநூலும் கூறுவதில்லை.

பருத்தியின் கதையும் அத்தகையதே. 1923ஆம் ஆண்டுப் பருத்தித் தீர்வைச் சட்டத்தின் மூலம் இந்தியப் பருத்தியிலிருந்து திரட்டிய பணத்தில், 1924இல் பம்பாய் மாட்டுங்காவில் தொழில்நுட்ப ஆய்வுகூடம் நிறுவப்பட்டது. எந்தப் பருத்தி எத்தகைய நூலைத் தரும் என்பதே அங்கு முதன்மையான வினா. ஆலைக்கு அது வேண்டிய வினா. நூல் அறும்போது இழப்பை யார் சுமக்கிறார் என்பது ஆய்வுக்குரிய வினாவாகக் கருதப்படவில்லை.

இலங்காசயரில் நடந்தது இவ்விடத்து நோக்கற்பாலது. பருத்தி ஈரத்தில் வலிமை பெறும் இயல்புடையது. எனவே பாவிழை அறாதிருக்கும் பொருட்டு நெசவுக்கூடங்களுக்குள் நீராவி செலுத்தப்பட்டது. நூல் காக்கப்பட்டது, ஈரப்புழுக்கத்தில் நாள் முழுவதும் நின்ற தொழிலாளரின் உடல் கெட்டது. ஈரப்பதனுக்கு எல்லை விதிக்க 1889இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது.

கைத்தறியாளர் கண்ட வழி கஞ்சி. பாவிலே கஞ்சி ஏற்றும்போது நூலினுள் பிரிந்து நிற்கும் நார்கள் ஒட்டிக்கொண்டு சுமையைப் பகிர்கின்றன. அச்சின் உராய்வையும் தாங்குகின்றன. டானியல்ஸ் எழுதிய சமன்பாடு அவர்களுக்குத் தெரியாது. எனினும், சுமை பகிரப்படும் முறையை மாற்றினால் அறுதல் குறையும் என்பதைக் கையால் அறிந்திருந்தனர். இதனை விஞ்ஞானம் என்று அழைக்கத் தயங்குவோர் உளர். பியர்ஸ் தொடங்கிய இடமும் இதுதான் என்பதே எமது கருத்து.

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் துணையோடு தழைத்த இலங்கைக் கைத்தறி, 1977இன் பின்னர் வெளிநாட்டுத் துணிகளின் முன்னே பெரிதும் நலிந்தது. எஞ்சிய தறிகளுக்கு நூல் வெளியிலிருந்தே வருகிறது. அந்நூலின் வலிமையை அளக்கும் சர்வதேச முறையில் சோதனைத் துண்டின் வழமையான நீளம் அரை மீற்றர். தறியிற் சுற்றிய பாவோ பல பத்து மீற்றர் நீளமானது. பியர்ஸின் கணக்குப்படி, அரை மீற்றர்த் துண்டு காட்டும் சராசரி வலிமையைப் பாவின் முழு நீளத்திடம் எதிர்பார்த்தல் இயலாது. எங்கோ ஓரிடத்தில் இழை அறும். தறியில் இருப்பவர் எழுந்து முனையைத் தேடுவார்.